வெளிநாட்டு ஊழியப் பயணத்தின் நன்றியுணர்வைச் சொந்த ஊர்ச் சேவையாக மாற்றுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

குறுகிய கால ஊழியப் பயணம் போய்வந்தவர்களிடம் "எப்படி இருந்தது?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "ஆண்டவர் நமக்கு எவ்வளவு கொடுத்திருக்கிறார் என்று அங்கே போன பிறகுதான் புரிந்தது." மனம் உருகித்தான் சொல்கிறார்கள், பொய்யில்லை. ஆனால் ஆறு மாதம் கழித்து அதே ஆட்களின் ஒரு வாரத்தைப் பாருங்கள். புறப்படுவதற்கு முன் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கும். அதே வேலை, அதே போன், ஞாயிறு காலை ஆராதனைக்கு அதே பத்து நிமிடத் தாமதம்.

பயணத்தை ஏற்பாடு செய்யும் சபைப் பொறுப்பாளர்களுக்கும், முதன்முறை பெயர் கொடுத்திருக்கிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திரும்பி வந்தபின் என்ன செய்யப்போகிறோம் என்பதைப் புறப்படுமுன்பே பேசி முடிக்காத குழு, ஊரில் பெரிதாக எதுவும் செய்யப்போவதில்லை. போய்வந்த சூட்டில் தானாக ஏதாவது பிறக்கும் என்று நம்புகிறோம். சூடு இரண்டு வாரம் தாங்கினால் அதிகம்.

எந்த நன்றியைத் தேடிப் போகிறோம்?

லூக்கா 18-இல் ஒரு பரிசேயன் ஜெபம்பண்ணுகிறான். அவன் ஜெபமும் நன்றி ஜெபம்தான். மற்றவர்களைப்போல் நான் இல்லையே என்பதற்காக ஸ்தோத்திரம் செலுத்துகிறான். அவன் நீதிமானாக வீடு திரும்பவில்லை என்று இயேசு முடிக்கிறார். ஊழியப் பயணத்தில் நம்மைச் சுலபமாகப் பிடித்துக்கொள்வது இந்த ஜெபம்தான். "அவர்களுக்குத் தண்ணீர் இல்லை, நமக்கு இருக்கிறது, ஸ்தோத்திரம்." இப்படிப்பட்ட நன்றிக்கு அவர்கள் இல்லாமையில் இருப்பது தேவைப்படுகிறது. நம் குறைகளை நாம் பார்க்கவேண்டிய அவசியத்தையும் அது எடுத்துவிடுகிறது.

2003-இல் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தில் உதவும். ஒரு குழு நன்றி சொல்லத்தக்க காரியங்களைத் தினமும் எழுதியது. இன்னொரு குழு எரிச்சலூட்டிய காரியங்களை எழுதியது. மற்றொரு குழு, தாங்கள் எந்தெந்த விதத்தில் மற்றவர்களைவிட நல்ல நிலையில் இருக்கிறோம் என்று எழுதியது. பிறருடைய பிரச்சினையில் கைகொடுத்ததாகவும் ஆறுதலாக நின்றதாகவும் அதிகம் சொன்னவர்கள், நன்றியை எழுதிய முதல் குழுவினர். 'நான் அவர்களைவிடப் பரவாயில்லை' என்ற கணக்குக்கு அந்தப் பலன் இல்லை.

ஆகவே குழுவுக்கு ஒரு விதி வையுங்கள்: அங்கே இல்லாததைப் பார்த்து நன்றி சொல்லாதீர்கள்; அங்கே இருப்பவர்களிடமிருந்து நீங்கள் பெற்றதற்கு நன்றி சொல்லுங்கள். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த விதியின்மேல்தான் நிற்கின்றன.

படி 1: புறப்படுமுன் சொந்த ஊரைப் பாருங்கள்

ஆயத்தக் கூட்டம் என்றால் பாட்டுப் பயிற்சி, நாடகம், பெட்டியில் எத்தனை கிலோ என்ற பேச்சு, இவற்றிலேயே நேரம் போய்விடும். அதில் ஒரு கூட்டத்தை முழுவதும் இதற்கு ஒதுக்குங்கள். நம் சபையில் இப்போது நடக்கும் வேலைகள் எவை, அவற்றை யார் செய்கிறார்கள் என்று பெயர் பெயராக எழுதுங்கள். ஆலயத்தைக் கூட்டுகிறவர், ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள், ஆஸ்பத்திரிக்குப் போய் ஜெபிக்கிறவர்கள், நடக்கமுடியாத முதியவர்களைக் கூட்டிவருகிறவர்கள். பல சபைகளில் ஒரே மூன்று நான்கு பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். அந்தப் பட்டியலைப் பார்த்துக் குழு மௌனமானால் ஆயத்தம் தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

பிறகு ஒவ்வொருவரும் அந்தப் பட்டியலிலிருந்து ஒரு வேலையைத் தேர்ந்தெடுத்து, புறப்படுமுன் ஒரு மாதமாவது செய்யவேண்டும். பக்கத்துத் தெருவில் இருக்கிற நோயாளியைப் பார்க்க நேரமில்லாத ஒருவர் விமானம் ஏறிப்போய் நோயாளிகளுக்காக ஜெபிப்பது எனக்கு ஒட்டவில்லை. இதைக் கண்டிப்பாகச் சொன்னால் சிலர் பெயரை வாபஸ் வாங்குவார்கள். வாங்கட்டும்.

இன்னொன்று: வீட்டில் இருப்பவர்கள். நீங்கள் போகும் நாட்களில் குழந்தைகளையும் வயதான பெற்றோரையும் யாரோ பார்த்துக்கொள்கிறார்கள். அலுவலகத்தில் உங்கள் வேலையையும் யாரோ இழுத்துப்போட்டுச் செய்கிறார்கள். அவர்களும் உங்களை அனுப்புகிறவர்கள்தான். குழுவை அனுப்பும் ஆராதனையில் அவர்களையும் முன்னால் அழைத்து ஜெபியுங்கள்.

விசா விஷயத்தில் நேர்மையாக இருங்கள். பல நாடுகளில் சுற்றுலா விசாவில் பிரசங்கம், மருத்துவ முகாம் போன்றவை நடத்தக்கூடாது. சட்டத்தை மீறினால் நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள். விசாரணைக்கு நிற்பவர்கள் உங்களை வரவேற்ற சபையார்.

படி 2: அவர்கள் கேட்ட வேலைக்கே போங்கள்

அங்குள்ள சபையிடம் "நாங்கள் என்ன செய்யலாம்?" என்று கேட்டால் மரியாதைக்காக எதற்கும் சரி என்பார்கள். "நாங்கள் வராவிட்டால் இந்தப் பணத்தை எதற்குச் செலவழிப்பீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். உண்மையான தேவை வெளியே வரும். அந்தப் பதிலைக் கேட்டபின் பயணத்தையே கைவிட்டுப் பணத்தை அனுப்ப முடிவு செய்தால் அதுவும் ஊழியம்தான்.

1998-இல் மிட்ச் புயல் ஹோண்டுராஸ் நாட்டைச் சின்னாபின்னமாக்கியது. வெளிநாட்டுக் குழுக்கள் வந்து வீடுகள் கட்டின. உள்ளூர் அமைப்புகளும் கட்டின. கர்ட் வெர் பீக் என்ற சமூகவியலாளர் பின்னர் அந்தக் குடும்பங்களிடம் விசாரித்தார். வீட்டை யார் கட்டியது என்பதால் அந்தக் குடும்பங்களின் வாழ்க்கையில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கட்டப்போனவர்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. கொடுப்பது கூடியிருக்கிறது என்று பலர் சொன்னார்கள். அவர்களை அனுப்பிய அமைப்பின் கணக்குப் புத்தகத்திலோ அவர்கள் சொன்ன அளவுக்கு ஏறவில்லை. இதைச் சொன்னால் பயணப் பிரியர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் மனதில் ஏற்படும் அசைவு வேறு, பழக்கம் மாறுவது வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

குழந்தைகள் இல்லங்களில் ஒரு வாரம் விளையாடிவிட்டு வரும் திட்டத்தைத் தவிர்த்துவிடுங்கள். ஏற்கெனவே ஒருமுறை கைவிடப்பட்ட பிள்ளை மாதாமாதம் புதிய அண்ணன்களோடும் அக்காக்களோடும் ஒட்டிக்கொண்டு, மாதாமாதம் பிரிகிறது. பார்வையாளர்களுக்குக் காட்டுவதற்காகவே பெற்றோர் உள்ள பிள்ளைகளையும் சேர்த்து வைத்திருக்கும் இல்லங்களும் உலகில் உண்டு.

படி 3: அங்கே இருக்கும்போது நோட்டுப் புத்தகம்

எல்லாப் படிகளிலும் சின்னது இதுதான். வேலை செய்வதும் இதுதான். ஆளுக்கு ஒரு சிறிய நோட்டு. ஒவ்வொரு இரவும் படுக்குமுன் மூன்று வரி எழுதவேண்டும்: இன்று யாரிடமிருந்து எதைப் பெற்றேன், அவர் அதை எப்படிச் செய்தார், அதே வேலை என் ஊரில் எங்கே காத்திருக்கிறது. செல்போனில் எழுதவேண்டாம், எழுதத் திறந்த போன் வேறெங்கோ இழுத்துப்போய்விடும்.

ஒரு பக்கம் இப்படி இருக்கலாம்:

"ஆலயத்தைத் திறக்கும் அம்மா இன்று என் பெயரைச் சொல்லி ஜெபித்தார். நேற்று ஒரே ஒரு தடவைதான் பெயரைக் கேட்டார். வருகிறவர்களின் பெயர்களை ஜெபத்துக்காக ஒரு தாளில் எழுதி வேதப்புத்தகத்தில் வைத்திருக்கிறார். எங்கள் ஆலயத்தில் கடைசி வரிசையில் புதிதாக வந்து உட்காரும் குடும்பத்தின் பெயர் எனக்குத் தெரியாது."

மூன்றாவது வரி வந்துவிட்டால் போதும், ஊரில் செய்யவேண்டிய வேலை கையில் கிடைத்துவிட்டது. எழுதத் தெரியாதவர், பேச்சில் கெட்டிக்காரர் என்று யாருக்கும் விலக்கு வேண்டாம். இரண்டு வரி கோணலாக எழுதினாலும் சரி. "இன்று ஆண்டவர் அற்புதமாக நடத்தினார்" என்று பொதுப்படையாக எழுதுகிறவரிடம் மட்டும் குழுத்தலைவர் உட்கார்ந்து, "யார் மூலமாக?" என்று கேட்கவேண்டும்.

போட்டோ பற்றி: அனுமதி கேட்காமல் யாரையும் எடுக்காதீர்கள். நோயாளியையோ கிழிந்த உடையிலிருக்கும் பிள்ளையையோ எடுக்கவே வேண்டாம். உங்கள் பிள்ளையை அந்த நிலையில் ஒருவர் எடுத்து அறிமுகமில்லாதவர்களுக்குக் காட்டினால் பொறுத்துக்கொள்வீர்களா?

வாக்குக் கொடுப்பதில் எச்சரிக்கை தேவை. கடைசி நாள் கண்ணீரோடு "மறுபடியும் வருவோம்", "உன் படிப்புச் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பவை எளிதில் வாயில் வந்துவிடும். அவர்கள் அதை நம்பிக் காத்திருப்பார்கள். எந்த வாக்கும் குழுத்தலைவர் வழியாக, அந்தச் சபைப் போதகருக்குத் தெரிந்துதான் போகவேண்டும்.

படி 4: விமானம் ஏறுமுன் ஒரு நாள்

கடைசி நாளைச் சுற்றிப்பார்க்க வைத்திருந்தால் அதில் பாதியைக் கேட்டு வாங்குங்கள். நோட்டுகளைத் திறந்து, மூன்றாவது வரிகளை மட்டும் ஒவ்வொருவரும் வாசிக்கட்டும். திரும்பி வந்து அடுத்த இரண்டு வாரத்துக்குள் தொடங்கப்போகும் ஒரு வேலையை நாள், நேரம், இடத்தோடு எழுதட்டும். "இனி அதிகமாக ஜெபிப்பேன்" என்று எழுதினால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். "புதன் மாலை ஆறு மணிக்கு, நடக்கமுடியாத அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போய் வேதம் வாசிப்பேன்" என்றால் சரி. குழுவில் இன்னொருவர் அதற்குச் சாட்சியாகக் கையெழுத்திடவேண்டும். சிறுபிள்ளைத்தனமாகத் தெரியும். செய்யுங்கள்.

படி 5: முதல் இரண்டு வாரம், வாயை அடக்குங்கள்

திரும்பி வந்ததும் களைப்பு, தூக்கம் கெடுதல், காரணமில்லாத எரிச்சல் எல்லாம் வரும். கூடவே ஒரு கோபமும் வரும்: "இங்கே எல்லாருக்கும் எல்லாம் இருந்தும் முறுமுறுக்கிறார்களே!" வீட்டார் சாதாரணமாக ஒரு குறையைச் சொன்னால், "அங்கே வந்து பார்த்தால் தெரியும்" என்று வெட்டிப் பேசத் தோன்றும். ஒரு தடவை பேசினால் வீட்டில் யாரும் உங்கள் பயணத்தைப் பற்றி மறுபடி கேட்கமாட்டார்கள். அடுத்த தடவை உங்களை அனுப்பவும் மாட்டார்கள்.

அதனால் முதல் சேவை வீட்டிலேயே ஆகட்டும். நீங்கள் இல்லாத நாட்களில் உங்கள் பங்கைச் சுமந்தவருக்கு அத்தனை நாள் அவருடைய பங்கைச் சுமந்து கொடுங்கள். பிரசங்கம் வேண்டாம். பாத்திரம் கழுவுங்கள், பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவிடுங்கள், இரவில் எழுந்து பெரியவருக்கு மருந்து கொடுங்கள்.

மாற்கு 5-இல் பிசாசுகள் நீங்கின மனுஷன் இயேசுவோடுகூடப் போகவேண்டுமென்று கெஞ்சுகிறான். இயேசு சம்மதிக்கவில்லை, உன் வீட்டாரிடம் போ என்று திருப்பி அனுப்புகிறார். அவனை நன்றாக அறிந்த இடம் அது. அவன் பழைய நிலையை அறிந்தவர்களுக்குத்தான் மாற்றமும் தெரியும்.

படி 6: சாட்சி ஞாயிறு

பவுலும் பர்னபாவும் தங்களை அனுப்பிய அந்தியோகியா சபைக்குத் திரும்பியபோது சபையைக் கூட்டி, தேவன் தங்களோடிருந்து செய்தவற்றையும், புறஜாதியாருக்கு விசுவாசத்தின் கதவைத் திறந்ததையும் அறிவித்தார்கள் (அப்போஸ்தலர் 14:27). அடுத்த வசனத்தை நாம் அதிகம் வாசிப்பதில்லை: அங்கே சீஷரோடு அநேகநாள் தங்கியிருந்தார்கள். அறிக்கை கொடுத்த கையோடு அடுத்த பயணத்துக்குக் கிளம்பவில்லை.

சாட்சி ஆளுக்கு ஐந்து நிமிடம். நூறு போட்டோவைத் திரையில் ஓட்டாதீர்கள். "பாவம், அவர்களிடம் ஒன்றுமே இல்லை, ஆனாலும் எவ்வளவு சந்தோஷம்!" என்ற வாக்கியத்தைத் தடை செய்யுங்கள். வறுமையில் இருப்பவர்களுக்கும் பயமும் கவலையும் கோபமும் உண்டு. விருந்தினர் முன் சிரித்தார்கள், அவ்வளவுதான். அதற்குப் பதில், நோட்டிலிருந்து ஒரு ஆளை, அவர் செய்த ஒரு காரியத்தைச் சொல்லுங்கள். முடிக்கும்போது, "நம் சபையில் இந்த வேலையை இன்னார் பல வருடமாகச் செய்துவருகிறார், இனி நானும் அவரோடு சேர்கிறேன்" என்று பெயரோடு சொல்லுங்கள். கடைசி வரிசையில் இருக்கும் அந்தப் பழைய ஊழியக்காரருக்கு முதல் தடவையாக மேடையிலிருந்து நன்றி கிடைத்திருக்கும்.

படி 7: அங்கே பார்த்ததை இங்கே எதனோடு இணைப்பது?

அங்கே பாஷை தெரியாமல் திணறினீர்களா? உங்கள் ஊரில் பாஷை தெரியாமல் திணறும் வேற்றூர்த் தொழிலாளர்களும் மாணவர்களும் இருப்பார்கள். படிவம் நிரப்ப, ஆஸ்பத்திரியில் வரிசை கண்டுபிடிக்க ஒருவர் கூடப்போனால் அவர்களுக்குப் பாதி பாரம் இறங்கும். முகம் தெரியாத உங்களை ஒரு வீட்டார் தங்கவைத்தார்களா? மாதம் ஒரு முறை, திரும்ப அழைக்க வசதியில்லாத ஒருவரை வீட்டுக்கு அழையுங்கள். சிறையிலோ ஆஸ்பத்திரியிலோ ஊழியம் செய்தீர்களானால் இங்கே அதற்கான அனுமதி முறைகளைக் கேட்டு, ஏற்கெனவே போகிறவர்களோடு சேருங்கள். புதிய அமைப்பு, புதிய பேனர், புதிய வாட்ஸ்அப் குழு தொடங்கவேண்டாம்.

இங்கே ஒரு வரலாற்றை நினைத்துக்கொள்கிறேன். 1706-இல் சீகன்பால்கு, புளூட்சோ என்ற இரண்டு ஜெர்மானிய மிஷனரிகள் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார்கள். அவர்களுடைய ஊழியத்தைப் பற்றிய அறிக்கைகள் ஐரோப்பாவில் அச்சாகிப் பரவின. இங்கிலாந்தில் எப்வொர்த் என்ற சிற்றூரில் குருவானவரின் மனைவி சூசன்னா வெஸ்லி அதை வாசித்தார். கணவர் லண்டன் போயிருந்தார். வீடு நிறையப் பிள்ளைகள். தரங்கம்பாடிக்குப் போக அவருக்கு எந்த வழியும் இல்லை. அவர் செய்தது, வாரத்தின் ஒவ்வொரு மாலையையும் பிள்ளைகளுக்குப் பங்கிட்டு, தனியாக உட்கார்ந்து அவர்கள் ஆத்தும காரியத்தைப் பேசியது. 1712 பிப்ரவரியில் கணவருக்கு எழுதிய கடிதத்தில் அந்தக் கால அட்டவணை இருக்கிறது. வியாழன் மாலை ஜானுக்கு, சனி மாலை சார்லஸுக்கு. வீட்டில் ஞாயிறு மாலை அவர் நடத்திய வாசிப்புக்கு அக்கம்பக்கத்தாரும் வரத்தொடங்கி, இருநூறு பேருக்குமேல் கூடினார்கள். அந்த வியாழக்கிழமைப் பையன்தான் பின்னாளில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி. வளர்ந்து ஆக்ஸ்போர்டில் இருந்தபோதும் அந்த வியாழன் மாலை நேரத்தைத் தாயிடம் கேட்டு எழுதினார்.

கடல் கடந்த ஊழியத்தைப் பற்றி வாசித்த ஒரு பெண் தன் வாரத்தை மாற்றி அமைத்தார். நேரில் போய்வந்த நம் குழுவில் எத்தனை பேருடைய வாரம் மாறுகிறது?

படி 8: பணம்

பயணத்துக்கு ஆளுக்கு எவ்வளவு செலவானது என்ற கணக்கைச் சபைக்கு முன் வையுங்கள். விமானச் சீட்டு, விசா, தங்குமிடம், எல்லாம். அதில் ஒரு பங்கை, உங்களால் முடிந்த அளவு, மாதாமாதம் கொடுக்கும் காணிக்கையாக ஒரு வருடத்துக்குப் பிரித்துக்கொள்ளுங்கள். பாதி அங்குள்ள ஊழியத்துக்கு, பாதி இங்கு நீங்கள் சேர்ந்திருக்கும் வேலைக்கு. கொரிந்தியருக்குப் பவுல் சொன்ன முறை இதுதான்: வாரத்தின் முதல் நாளில் அவனவன் வரவுக்குத் தக்கதாகச் சேர்த்துவைப்பது (1 கொரிந்தியர் 16:2). உணர்ச்சி வந்த நேரத்தில் அள்ளிக் கொடுக்கச் சொல்லவில்லை. மக்கெதோனியச் சபைகள் கொடிய தரித்திரத்தில் இருந்தும் எருசலேமுக்குக் கொடுத்ததை அவரே இன்னொரு கடிதத்தில் எடுத்துக்காட்டுகிறார். கொடுப்பது எப்போதும் வசதியுள்ள சபையிலிருந்து இல்லாத சபைக்குப் போகும் ஒருவழிப் பாதை என்ற நினைப்பு அந்த இடத்தில் உடைகிறது.

படி 9: மூன்று மாதம், ஒரு வருடம்

மூன்றாவது மாதம் குழு ஒரு மாலை கூடவேண்டும். தேதியைப் பயணத்துக்கு முன்பே குறித்துவிடுங்கள், பிறகு குறித்தால் யாரும் வரமாட்டார்கள். கேள்வி ஒன்றுதான்: எழுதிக் கையெழுத்திட்ட வேலை நடக்கிறதா? நின்றுபோயிருந்தால் திட்டவேண்டாம். நாள் ஒத்துவரவில்லையா, தனியாகப் போகப் பயமா, வேலையே பொருந்தவில்லையா என்று பார்த்து மாற்றுங்கள். இரண்டு பேராகச் சேர்த்துவிட்டாலே பல வேலைகள் உயிர்பெறும். எழுபது பேரை அனுப்பும்போதும் இயேசு இருவர் இருவராகத்தான் அனுப்பினார்.

அங்குள்ள சபைக்கும் ஒரு கடிதம் போகட்டும். "உங்கள் ஆலயத்தைத் திறக்கும் அம்மாவிடம் கற்றதை இங்கே இப்படிச் செய்துவருகிறோம்" என்று எழுதினால், உதவி பெற்றவர்களாக மட்டுமே பார்க்கப்பட்டுவந்தவர்களுக்கு அது புதிய செய்தி. அவர்கள் பதிலில் உங்கள் வேலையைப் பற்றி யோசனை சொன்னால் கேளுங்கள்.

ஒரு வருடத்தில் அடுத்த பயண அறிவிப்பு வரும். மறுபடியும் போக ஆசை வருவது இயல்பு. அப்போது உங்கள் புதன் மாலை வேலையை யார் பார்ப்பார்கள் என்று முதலில் ஒருவரோடு பேசி முடியுங்கள், அவரை இரண்டு மூன்று தடவை கூடவே அழைத்துப்போய்ப் பெரியவருக்கு அறிமுகம் செய்துவையுங்கள், அதன்பிறகு பெயர் கொடுங்கள். ஆள் கிடைக்கவில்லையென்றால் இந்த முறை வேறொருவர் போகட்டும்.